வாசல் வரை வரும் அமானிதம்

ஒரு பொருளை ஒருவர் கையில் கொடுத்து, "இதனை இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று ஒப்படைப்பதை நம் பெரியவர்கள் அமானிதம் என்பார்கள். தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குச் செல்பவரிடம் கொடுத்தனுப்பும் ஊறுகாய்ச் சாடியும் அமானிதந்தான். அதனை வாங்கிக்கொண்டவர், உரியவர் கையில் சேர்க்கும் வரை நிம்மதியாக உறங்கமாட்டார். அந்த அமானிதம் கை மாறி, மறுபடியும் கை மாறிச் செல்லுமானால் பொறுப்பு யாரைச் சாரும்? 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்த வினா என்னை மூன்று இரவுகள் உறங்கவிடாமல் செய்தது.

அப்பொழுது நான் அமெரிக்காவில், மேற்கு விர்ஜீனியா மாநிலத்தின் மலையூர் ஒன்றில் மருத்துவராகப் பணியாற்றும் என் மகனின் இல்லத்தில் தங்கியிருந்தேன். காயல்பட்டினத்திலிருந்து ராத்தா ஒரு செய்தி சொல்லியனுப்பினார்கள். எங்கள் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில், உம்மா அவர்களுக்கு அரபுத் தமிழில் எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள் ராத்தாவின் பெட்டியில் இருந்தன. பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்துத் தெரியாது. ராத்தாவுக்கோ பார்வை மங்கிக்கொண்டு வந்தது. "என் கண் முழுவதும் மூடுமுன் இவற்றைத் தமிழ் எழுத்தில் படியெடுத்துத் தா, தம்பி" என்பதே அவர்களின் வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த தம் மகனிடம் கடிதங்களைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் நியூ ஜெர்சி திரும்பியதும் ஒரு பெட்டியில் அடுக்கி, எனக்கு அனுப்பி வைத்தார். "மாமா, எதில் அனுப்பட்டும்?" என்று கேட்ட மருமகனிடம், "குறைந்த செலவில் எது உண்டோ அதில் அனுப்புங்கள்" என்று சொன்னவன் நானே. சிக்கனம் என்று நினைத்துச் சொன்ன சொல் அது.

அந்தக் குறைந்த செலவுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது என்பதைப் பிறகே அறிந்தேன். தனியார் பார்சல் நிறுவனம் பொருளை வாங்கி, தன் லாரிகளில் நெடுந்தூரம் கொண்டுசெல்லும். ஆனால் வீட்டு வாசல் வரை வராது. பெறுபவரின் வட்டாரத்து அஞ்சலகத்தில், அதிகாலையில், மற்றப் பார்சல்களோடு சேர்த்து இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீடு வரை கொண்டுசெல்வது அரசின் தபால்காரர் பொறுப்பு. யூ.பி.எஸ். நிறுவனத்தின் 'ஷ்யூர்போஸ்ட்', ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்மார்ட்போஸ்ட்' என்ற பெயர்களில் இத்தகைய சேவைகள் நடந்துவந்தன. வேறு சில நிறுவனங்களும் இம்முறையைக் கையாண்டன.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெருநகரத்தில் ஒரே தெருவில் நூறு பார்சல்கள் கொடுக்கலாம். ஆகும் செலவு நூறாகப் பிரிந்துவிடும். மலைப்பாதையின் கோடியில் இருக்கும் ஒற்றை வீட்டுக்கு ஒரே ஒரு பார்சலோடு லாரி ஏறினால், எரிபொருளுக்கே கட்டணம் போதாது. தபால்காரரோ எப்படியும் அந்த வாசலுக்குப் போகத்தான் போகிறார். அமெரிக்க அஞ்சல் துறை பதினாறு கோடிக்கு மேற்பட்ட முகவரிகளுக்கு, வாரத்தில் ஆறு நாட்கள் தபால் வழங்குகிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில், வண்டிப்பாதை இல்லாத சூபாய் என்ற பழங்குடியினர் ஊருக்குக் கோவேறு கழுதைகளின் முதுகில் தபால் இறங்குகிறது. போகிறவர் கையில் இன்னொரு பொருளையும் கொடுத்தனுப்புவது உலக வழக்கந்தானே!

ஆயினும் இதற்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு உண்டு. 1913-க்கு முன்பு அந்நாட்டு அஞ்சல் துறை நான்கு பவுண்டுக்கு மேற்பட்ட பொதிகளை ஏற்பதில்லை. அவற்றைச் சுமந்தவை தனியார் நிறுவனங்கள். ரயில் நிற்கும் ஊரோடு அவற்றின் கடமை முடிந்துவிடும். குடியானவர் வண்டி கட்டிக்கொண்டு போய்த்தான் தம் பொதியை எடுத்து வரவேண்டும். கிராமத்து வீடுகளுக்குத் தபாலை நேரில் கொண்டுசென்று கொடுக்கும் சோதனை 1896-இல், இதே மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில்தான் தொடங்கிற்று. 1913 ஜனவரி முதல் நாளன்று பார்சல்களும் அவ்வழியே செல்லலாயின. ஆக, இலாபம் பாராமல் எல்லா வாசலுக்கும் போகவேண்டும் என்ற கடமையை மக்கள் சார்பில் ஏற்றுக்கொண்டது அஞ்சல் துறை. அந்தக் கடமையின் தோளில் ஏறித்தான் நூறாண்டுக்குப் பின் தனியார் பார்சல்கள் மலையேறின.

எங்கள் பார்சலுக்கு வருவோம். ஐந்தாம் நாள், "அஞ்சல் துறையிடம் ஒப்படைக்கப்படுகிறது" என்று மகனின் கைப்பேசியில் ஒரு வரி தோன்றியது. அதன்பின் மூன்று நாட்கள் அந்த வரி மாறவேயில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அனுப்பிய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். "எங்கள் வேலை முடிந்தது, அஞ்சலகத்தைக் கேளுங்கள்" என்றார்கள். அஞ்சலகத்தைக் கேட்டோம். "இன்னும் எங்களிடம் வந்து சேரவில்லையே" என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. மலைப்பாதையில் பனி மூடி, லாரி வழியில் எங்கோ நின்றிருக்கிறது. ஒருவர் கணக்கில் கழிக்கப்பட்டு, மற்றவர் கணக்கில் ஏற்றப்படாமல், உம்மாவின் நாற்பத்தொரு கடிதங்களும் அந்த மூன்று நாட்களும் யாருடைய கையிலும் இல்லை!

ஊரில் ராத்தா தினமும் தொலைபேசியில், "வந்து சேர்ந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். "நாளை வந்துவிடும் ராத்தா" என்பேன். பார்வை மங்கிய அவர்களிடம் அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை. எழுபதாண்டுக் காலம் ஈரமும் கறையானும் தீண்டாமல் காத்துவந்த செல்வத்தை, சில டாலர்களை மிச்சப்படுத்தப்போய்த் தொலைத்துவிட்டேனோ என்ற எண்ணம் என்னை அரித்தது.

நான்காம் நாள் நண்பகலில் ஒரு வண்டி சாலையோரத்துத் தபால் பெட்டியருகே நின்றது. நடுத்தர வயதுடைய தபால்கார அம்மையார் ஒருவர், பனியில் கால் புதையப் புதைய நடந்து வாசலுக்கே வந்தார். கையில் அந்தப் பெட்டி! அப்பொழுதுதான் அதன் மேலிருந்த முகவரியைக் கண்டேன். 214 என்றிருக்க வேண்டிய வீட்டு எண்ணை மருமகன் 241 என்று எழுதியிருந்தார். "இந்தச் சாலையில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. ஆனால் இந்தப் பெயரை நான் தினமும் உங்கள் பெட்டியில் போடுகிறேனே" என்று சிரித்தார் அந்த அம்மையார். எங்கள் பெயரை அவரால் சரியாக உச்சரிக்க இயலவில்லை. அதன் எழுத்துக்களை மட்டும் அவருடைய கண்கள் அறிந்திருந்தன. கணினிக்குத் தெரிந்தது எண். அவருக்குத் தெரிந்தது வீடு.

யாரையும் குறை கூற நான் இதை எழுதவில்லை. பிழை எங்கள் குடும்பத்துடையது. பனி இறைவன் செயல். ஆனால் ஒன்றை அன்று உணர்ந்தேன். சுமையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். பொறுப்பைப் பங்கிட்டால் அது நடுவில் விழுந்துவிடுகிறது. வாங்கியவர், உரியவர் கையில் சேரும் வரை தாமே பொறுப்பு என்று எண்ணினாலன்றி, எத்தனை லாரிகள் ஓடினாலும் அமானிதம் அநாதையாகிவிடும்.

அதன்பின் அங்கே பல மாற்றங்கள் நேர்ந்தன. ஃபெடெக்ஸ் முன்னரே, 2019-இல், இத்தகைய பார்சல்களைத் தானே வீடுகளுக்குக் கொண்டுசெல்லப் போவதாக அறிவித்திருந்தது. யூ.பி.எஸ். 2025 ஜனவரியில் அவ்வழிக்கு மாறியது. அவ்வாண்டு முடியுமுன்னரே அஞ்சல் துறையோடு மீண்டும் கைகோக்கும் பேச்சும் எழுந்தது. கடைக்கோடி வாசலுக்குப் போவது எத்தனை கடினம் என்பதை இது ஒன்றே காட்டும். நிறுவனங்கள் சேரலாம், பிரியலாம். அந்த மலையூரின் தபால்கார அம்மையார் மட்டும் நாளையும் போகத்தான் வேண்டும்.

அன்றிரவே கடிதங்களைப் பிரித்தேன். கொழும்பிலிருந்த வாப்பாவுக்கு உம்மா எழுதிய நாற்பத்தொன்றில், முதலாவதைத் தவிர மற்ற அனைத்தும், ஸலாத்துக்குப் பின், ஒரே வினாவோடு தொடங்கின: "இதற்கு முந்திய கடிதம் தங்கள் கைக்கு வந்து சேர்ந்ததா?" தொலைபேசியில் அதனை ராத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அடுத்ததைப் படி" என்றார்கள்.

ஒன்றரை மாதத்தில் படியெடுத்து முடித்தேன். மூலக் கடிதங்களை ஊர் திரும்பும்போது நானே கையில் எடுத்துச் செல்வதென்று முடிவு செய்து, படியை மட்டும் பதிவுத் தபாலில் ராத்தாவுக்கு அனுப்பினேன். அஞ்சலகத்தில் கொடுப்பதற்கு முன் வீட்டு எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன்.