கோதாவரிக் கரையில் சோழர் வீட்டுப் பெண்கள்

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் எவருக்கும் கோதாவரிப் பாலம் புதிதன்று. ஹௌராவில் ஏறிச் சென்னைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் அதனைக் கடந்தே தீரவேண்டும். “பாலம் வந்துவிட்டது” என்று யாரேனும் குரல் கொடுத்ததும் சன்னல் ஓரத்திற்கு விரைந்து, ஆற்றில் காசு போட்டுக் கைகூப்புவது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம். 28 ஆண்டுகளாக நாங்களும் அவ்வாறே செய்து வந்தோம். அந்தக் கரையில் ஒருநாளேனும் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதில்லை.

இம்முறை இறங்கினோம். அதற்குக் காரணம் எங்கள் மகள்.

நாங்கள் கும்பகோணத்துக்குப் புறப்பட்டது ஒரு திருமணப் பேச்சுக்காக. எங்கள் மகளை அவளுடைய அத்தை மகனுக்குக் கொடுப்பது என்று, அவள் தொட்டிலில் கிடந்த நாளிலேயே பாட்டி தம் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளை நல்லவன், படித்தவன், உத்தியோகத்தில் இருப்பவன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் மகள் மட்டும் ‘ஆம்’ என்றும் சொல்லாமல் ‘இல்லை’ என்றும் சொல்லாமல் இருந்தாள்.

செய்தி அறிந்த பக்கத்து வீட்டு வங்காள அம்மையார் திகைத்துப் போனார். அவர்கள் மொழியில் மாமன் மகளை ‘மாமாதோ போன்’ என்பார்கள். ‘போன்’ என்றால் உடன்பிறந்தாள். “தங்கையை எப்படி மணக்க முடியும்?” என்று அவர் கேட்டது ஏளனத்தால் அன்று, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். பெரியப்பன் மகளைத்தான் நாம் உடன்பிறந்தாள் என்போம், மாமன் மகள் முறைப்பெண் என்று எடுத்துச் சொன்னோம். அவர் தலையசைத்தார், ஒப்பியதாகத் தெரியவில்லை.

பாட்டி இதைக் கேட்டுச் சிரித்தார். “சோழ ராஜாக்களே மாமன் மகளைத்தான் கட்டினார்கள். நமக்கு என்ன குறை?” என்றார். அவர் தந்தையார் தமிழாசிரியர். அந்தக் கதைகளெல்லாம் பாட்டிக்கு மனப்பாடம். “அப்படியானால் அந்த ராஜாக்கள் பெண் கொடுத்த ஊரைப் பார்த்துவிட்டே கும்பகோணம் போவோம்” என்றாள் மகள். அவ்வாறு அமைந்ததே இந்த இரண்டு நாள் பயணம்.

விடியற்காலையில் இராஜமகேந்திரவரத்தில் இறங்கினோம். ராஜமுந்திரி என்று நெடுங்காலம் வழங்கிய ஊர் இது. 2015-ல் அரசு பழம்பெயரை மீண்டும் சூட்டியது. கீழைச் சாளுக்கிய மன்னனான இராஜராஜ நரேந்திரனின் தலைநகர் என்பதே இவ்வூரின் பெருமை. அவன் அவையில் இருந்த நன்னயர்தாம் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியவர். அவரை ஆதிகவி என்று ஆந்திர மக்கள் போற்றுகின்றனர். இங்குள்ள பல்கலைக்கழகமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தெலுங்குக் கவிதை பிறந்த அந்த அவையின் மன்னனுக்குத் தாயும் தாரமும் சோழநாட்டுப் பெண்கள் என்பதை நம்மவரில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

நீராடிவிட்டு வாடகைக் காரில் திராக்ஷாராமம் நோக்கிப் புறப்பட்டோம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வழி. முதலில் வருவது தவளேசுவரம் அணைக்கட்டு. கொள்ளிடத்தில் அணைகட்டிய ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளரே இதனையும் கட்டி, 1852-ல் முடித்தார். அதற்கு அப்பால் கடியம் ஊரின் பூச்செடித் தோட்டங்கள். பிறகு வாய்க்கால், தென்னை, கண்ணுக்கெட்டிய வரை நெல்வயல். பாட்டி நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். “நம் ஊருக்குத்தான் வந்துவிட்டோமோ?” என்றார் கடைசியில்.

அவர் சொன்ன சொல்லில்தான் அந்தத் திருமணங்களின் காரணமும் அடங்கியிருக்கிறது. காவிரிக் கழிமுகம் சோழருக்குரியது. கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட வளநாடு வேங்கி. மேற்கே கல்யாணியில் இருந்த மேலைச் சாளுக்கியர் சோழருக்குப் பெரும் பகைவர். வேங்கி யார் பக்கம் சாய்கிறதோ அவர் கை ஓங்கும். 973-ல் ஜடாசோட பீமன் வேங்கியைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த இளவரசர்களான சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழர் அவையில் அடைக்கலம் புகுந்தனர். முதலாம் இராஜராஜன் படையெடுத்து, 1000-ஆம் ஆண்டை ஒட்டிச் சக்திவர்மனை அரியணையில் அமர்த்தினான். தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையை மணமுடித்தான். இவள் கல்கியின் புதினத்தால் நாம் அறிந்த குந்தவை அல்லள். அவள் இராஜராஜனின் தமக்கை. இவள் அந்த அத்தையின் பெயரைத் தாங்கியவள்.

திராக்ஷாராமத்துப் பீமேசுவரர் கோயில் கீழைச் சாளுக்கியர் காலத்தது. பஞ்சாராமங்கள் ஐந்தனுள் ஒன்று. கருவறை இரண்டு நிலைகளாக அமைந்திருக்கிறது. இலிங்கம் அவ்வளவு உயரமானது. அடிப்பகுதியைக் கீழ்நிலையிலும் முடியை மேல்நிலையிலும் கண்டு வணங்குகிறார்கள். சுவரிலும் தூணிலும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள். குலோத்துங்கன் ஆட்சியாண்டுகளைக் குறிப்பனவும் அவற்றில் பல.

தரிசனம் முடித்து மண்டபத்தில் அமர்ந்தோம். மகள் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து வம்சாவளி வரையத் தொடங்கினாள்.

முதல் கோடு, குந்தவை–விமலாதித்தன். அவர்கள் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரையே இட்டனர். அவன்தான் இராஜராஜ நரேந்திரன். 1022-ல் முடிசூடிய அவன், தாய்மாமனான முதலாம் இராஜேந்திரனின் மகள் அம்மங்கை தேவியை மணந்தான். இஃது இரண்டாவது கோடு. அவர்கள் மகனுக்கும் தாய்வழிப் பாட்டனின் பெயரே: இராஜேந்திரன். அவன் மணந்தது தன் தாய்மாமன் இரண்டாம் இராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை. இது மூன்றாவது. அந்த இராஜேந்திரனே 1070-ல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். இந்த உறவுமுறையைச் செல்லூர்ச் செப்பேடு வரிசையாகச் சொல்கிறது.

மகள் எழுதுகோலால் தொட்டுக் காட்டினாள். குலோத்துங்கனும் மதுராந்தகியும் அத்தை மகன், மாமன் மகள் மட்டும் அல்லர். அவனுடைய தந்தைவழிப் பாட்டி குந்தவையும், அவளுடைய பாட்டன் முதலாம் இராஜேந்திரனும் இராஜராஜனின் மக்கள். ஆகவே அந்த வழியிலும் ஒன்றுவிட்ட உறவு. தந்தைவழியில் எண்ணினாலும் தாய்வழியில் எண்ணினாலும் குலோத்துங்கன் இராஜராஜனுக்குக் கொள்ளுப் பேரன்.

அருகில் அமர்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, “மேனரிகமா?” என்று கேட்டார். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்துக்குத் தெலுங்கில் அதுவே பெயர். பாட்டியின் முகம் மலர்ந்தது. பல்லாண்டுகளாகக் கொல்கத்தாவில் விளக்கிச் சொல்லிச் சலித்த ஒன்றை இங்கே ஒருவர் ஒரே சொல்லில் அறிந்துகொண்டார்.

மகள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தாள். பாட்டி மணந்தது தாய்மாமன் மகனை. எங்கள் திருமணமும் அவ்வாறே: மணமகள் பாட்டியின் தம்பி மகள். இப்போது பேசுவது மூன்றாவது கோடு. சோழர் படமும் எங்கள் படமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. எங்கள் பெயர்களுக்குக் கீழே அவள் தன் அண்ணன் பெயரை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

எங்கள் மூத்த மகன் பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவன். இன்று சென்னையில் தன் காலில் நிற்கிறான். அவன் குறை எதனால் வந்தது என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொன்னதில்லை. நாங்களும் அதைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசியதில்லை. மருத்துவ நூல்கள் கூறுவது இவ்வளவே: பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் கோளாறு உண்டு, மாமன் மகள், அத்தை மகன் வழி மணந்தோரின் குழந்தைகளில் அது ஏறத்தாழ இருமடங்கு ஆகலாம். பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆனால் தலைமுறை தோறும் அதே குடும்பத்துக்குள் மணம் நிகழ்ந்தால் அபாயம் கூடும். ஐரோப்பாவில் ஹாப்ஸ்பர்க் அரச குலத்தார் நாடு கைவிட்டுப் போகாதிருக்கத் தமக்குள்ளேயே மணந்து மணந்து, ஸ்பெயினில் அவர்கள் கிளை 1700-ல் வாரிசின்றி முடிந்தது; கடைசி மன்னனான இரண்டாம் சார்லசின் பெற்றோர் மாமனும் மருமகளும் ஆவர்.

சட்டம் நம்மைத் தடுக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணத்தை விலக்கினாலும், வழக்கம் உள்ள குடும்பங்களுக்கு இடம் அளிக்கிறது. தடுத்தது எங்கள் மகனின் பெயர் எழுதிய அந்தத் தாள்.

பாட்டி நெடுநேரம் கழித்துப் பேசினார். “ராஜாக்கள் நாட்டுக்காகக் கட்டினார்கள். நான் எதற்காகக் கேட்டேன்? நீங்கள் இவ்வளவு தூரம் போய்விட்டீர்கள். இந்தப் பெண்ணும் வடக்கே யாரையோ கட்டிக்கொண்டால், என் மகள் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் போக்குவரத்தே நின்றுவிடும் என்று பயந்தேன்.”

அந்த அச்சம் பொய்யானது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இவ்விதழைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றில் அது இருக்கும். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அத்தை வீட்டுச் சம்பந்தம் என்பது வேரோடு கட்டிய கயிறு. ஆனால் அந்தக் கயிறு சோழருக்கு எவ்வளவு உதவியது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இராஜராஜ நரேந்திரனை அவன் ஆட்சி முழுதும் அலைக்கழித்தவன் வேறு தாய் வயிற்றுத் தம்பியான விஜயாதித்தன். வீரராஜேந்திர சோழன் மற்றொரு மகளை மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்தான்; அந்த மருமகனும் குலோத்துங்கனும் வாழ்நாளெல்லாம் பகைவராயினர். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேங்கியும் சோழர் கையை விட்டு நழுவியது. மணத்தால் கட்டிய நாடு மணத்தால் நிலைக்கவில்லை.

நிலைத்தது வேறொன்று. குலோத்துங்கனின் சகோதரிக்கும் குந்தவை என்றே பெயர். சிதம்பரம் கோயிலுக்கு அவள் அளித்த கொடை கல்வெட்டில் இருக்கிறது. வடக்கே வாழ்க்கைப்பட்ட பாட்டியின் பெயர் பேத்தியோடு தில்லைக்குத் திரும்பியது. குலோத்துங்கன் தன் மகன் மும்முடிச் சோடனை வேங்கியை ஆள அனுப்பினான். ஆட்சியின்பம் பெற்றோர் அடிகளுக்குப் பணிசெய்யும் இன்பத்துக்கு ஈடாகவில்லை என்று அவன் ஓராண்டிலேயே திரும்பிவிட்டான் என்கிறது செப்பேடு. வெளியூர் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகளை அறிந்த எவருக்கும் அந்த வரி புரியும்.

கும்பகோணம் சேர்ந்த அன்று மாலை, பாட்டி தம் மகளைத் தனியே அழைத்தார். “வாக்குக் கொடுத்தது நான். வேண்டாம் என்று சொல்வதும் நானாகவே இருக்கட்டும். குழந்தைமேல் கோபிக்காதே” என்றார். அத்தை அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை, மருமகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடைவையைக் கொண்டுவந்து மகளின் மடியில் வைத்தார். “நீ யாரைக் கட்டிக்கொண்டாலும் அத்தை முறைச் சீர் என்னுடையதுதான்” என்றார். அவருடைய கணவர் மட்டும் எங்களை வழியனுப்ப நிலையத்துக்கு வரவில்லை. அந்தக் காயம் ஆற நாளாகும்.

ஆண்டுக்கு ஒருமுறை கும்பகோணம் போவது, அத்தை வீட்டார் ஆண்டுக்கு ஒருமுறை கொல்கத்தா வருவது என்று இரு வீட்டாரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் நேற்று தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒருநாள் இராஜமகேந்திரவரத்தில் இறங்குங்கள். காலையில் புறப்பட்டால் திராக்ஷாராமம் பார்த்து மாலைக்குள் திரும்பிவிடலாம். திரும்பும் வழியில் பாலத்தின்மீது வண்டி ஏறியதும் பாட்டி வழக்கம்போல் காசு கேட்டார். இம்முறை இரண்டு காசு வாங்கினார். ஒன்று கோதாவரிக்கு, மற்றொன்று யாருக்கு என்று கேட்டோம்.

“அந்தக் குந்தவைக்கு. ஊரை விட்டு வந்தவள்தானே, பாவம்” என்றார்.