அடைப்பு நீங்கிய பிறகு

மாரடைப்பு என்ற சொல் நம் இல்லங்களில் இன்று புதியதன்று. "அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், ஆள் தேறிவிட்டார்" என்று மூன்று வாக்கியங்களில் கதையை முடித்துவிடுகிறோம். சென்ற ஆண்டு என் கணவருக்கு இச்சிகிச்சை நடந்தபோது, அந்த மூன்றாவது வாக்கியம் எவ்வளவு அவசரமானது என்பதை அறிந்தேன்.

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த மறுநாள் இரத்தப் பரிசோதனைத் தாளை என் கையில் கொடுத்தார்கள். வெள்ளணுக்கள் 14,200 என்றிருந்தது. 4,000 முதல் 11,000 வரை இயல்பு என்று அதே தாளின் ஓரத்தில் அச்சாகியிருந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "உள்ளே எங்கோ சீழ் பிடித்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதல் கூற வருவோர் ஏன் இத்தகைய செய்திகளையே சுமந்து வருகிறார்களோ, தெரியவில்லை! மாலை வரை என் மனம் நிலைகொள்ளவில்லை.

மாலையில் வந்த மருத்துவரிடம் தாளை நீட்டினேன். காய்ச்சல் குறிப்பையும் மற்றச் சோதனைகளையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கிருமி எதுவும் இல்லை அம்மா. இதயத்தில் புண் இருக்கிறது. அதைக் கவனிக்க இரத்தம் ஆள் அனுப்பியிருக்கிறது."

அவர் பொறுமையாக விளக்கியதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இரத்த ஓட்டம் நின்றிருந்த வேளையில் இதயத் தசையின் ஒரு பகுதி மடிந்துவிடுகிறது. குழாயைத் திறந்தாலும் மடிந்த தசை உயிர்பெறாது. அதை அகற்றியாக வேண்டும். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் சில மணி நேரத்திற்குள் அங்கே குவியத் தொடங்குகின்றன. அடுத்து மோனோசைட் என்பவை வருகின்றன. இவை எலும்பு மஜ்ஜையில் பிறப்பவை. மண்ணீரலிலும் இவற்றின் சேமிப்பு இருப்பதாக 2009இல் எலிகளிடம் கண்டறிந்தார்கள். முதலில் வருபவை சிதைவுகளை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. பிறகு மெல்ல மெல்லத் தழும்பு கட்டும் வேலை தொடங்குகிறது. லிம்போசைட் அணுக்களின் போக்கோ வேறு. குழாய் திறந்த ஒன்றரை மணி நேரத்திற்குள் இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சட்டென்று குறைவதை இங்கிலாந்தின் நியூகாசில் நகர ஆய்வாளர்கள் 2015இல் எடுத்துக்காட்டினர்.

வெள்ளணு விழுங்கும் என்பதை முதலில் உலகுக்குக் காட்டியவர் மெச்னிக்காஃப். 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை அம்முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இப்பணியாளர்கள் சற்று முரட்டுக் கைக்காரர்கள். செத்த தசையை அகற்றும் வேகத்தில் உயிருள்ள தசையையும் காயப்படுத்துகிறார்கள். அப்படியானால் அவர்களை அடக்கிவிடலாமே என்று தோன்றும். 1970களில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். புண் ஆறுவது தடைப்பட்டு இதயச் சுவர் மெலியுமோ என்ற அச்சமே மிஞ்சியது. நம் செங்காந்தளில் உள்ள கோல்சிசின் என்னும் மருந்தை 4,745 நோயாளிகளிடம் சோதித்து, மீண்டும் நேரும் இடர்கள் குறைந்ததாக 2019இல் அறிவித்தார்கள். ஏழாயிரம் பேருக்கு மேல் நடத்திய மற்றொரு சோதனையில் அப்பயன் தென்படவில்லை என்று 2024இல் செய்தி வந்தது. (செங்காந்தள் கிழங்கு கொடிய நஞ்சு. அதை வீட்டில் மருந்தாக்க எவரும் நினைக்கவும் வேண்டாம்.)

இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் கணவர் தையற்கடை நடத்துபவர். வீடு திரும்பிய பத்தாம் நாளே, "அடைப்புத்தான் போய்விட்டதே, பண்டிகைத் துணிகள் குவிந்து கிடக்கின்றன" என்று கிளம்பினார். அவருக்கு நெடுநாள் முழங்கால் வலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகள் கடையின் கல்லாப்பெட்டியில் எப்போதும் கிடக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற அம்மாத்திரைகள் மாரடைப்புக் கண்டவருக்கு மீண்டும் மாரடைப்பு வரும் அபாயத்தைக் கூட்டுபவை. இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தோடு சேர்ந்தால் இரத்தக் கசிவும் நேரலாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தழும்பு உறுதிப்படச் சில வாரங்கள் ஆகும் என்பதும் அவர் சொன்னதே.

"வலியில்லாத புண்ணை எப்படி நம்புவது?" என்று இவர் கேட்டார். நான் 14,200 என்ற தாளை எடுத்து முன்னே வைத்தேன். "உங்கள் இரத்தத்திற்குத் தெரிந்திருக்கிறதே" என்றேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை மூத்த மகனை அனுப்பிக் கல்லாப்பெட்டியில் இருந்த மாத்திரைகளை எடுத்துவரச் செய்தோம். முதலில் வீட்டு முற்றத்தில் நடந்தார். பிறகு தெருக்கோடி வரை. ஏழாம் வாரம், மருத்துவர் எக்கோ பார்த்து இசைவு தந்த பின்னரே அரைநாள் கடைக்குப் போனார். பண்டிகைத் துணிகளில் பாதி வேறு கடைக்குப் போய்விட்டன. முழங்காலுக்கு இப்போது வெந்நீர் ஒத்தடந்தான்; முணுமுணுத்துக்கொண்டே வைத்துக்கொள்கிறார்.