ஒரகடம் சாலையில் ஈஸ்ட்டைப் பார்க்கப் போனேன்

'தீவனத்தில் ஃபைடேஸ் பொடி கலந்தும் முட்டை ஓடு கெட்டிப்படவில்லையே?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். என் வீட்டுக் கோழிக்கும் அதே கதைதான்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் படப்பை தாண்டினால் ஒரகடம். கார் ஏற்றிய நீள லாரிகள், ஷிப்ட் பஸ்கள். இரண்டு கம்பெனிச் சுவருக்கு நடுவே மிஞ்சிய தரிசில் ஆடு மேய்கிறது. வடக்கே திரும்பி, வல்லக்கோட்டைப் பிரிவைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனேன். அங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அண்ணன் மகள் படிக்கிறாள்.

கண்ணாடிக் கலனில் பால் காபி நிறத்தில் ஏதோ கலங்கிக்கொண்டிருந்தது. பிச்சியா என்கிற ஈஸ்ட்டாம். ஃபைடேஸ் நொதியை இதை வைத்தும் தயாரிக்கிறார்கள்.

"முதல்ல கிளிசரால் கொடுத்துப் பெருக்குவோம் சித்தப்பா. அது தீர்ந்த பிறகுதான் மெத்தனால், சொட்டுச் சொட்டா. கிளிசரால் மிச்சமிருந்தா நொதி பண்ணாது. மெத்தனால் கூடினா செத்துடும்."

சூடு 30 டிகிரி. 32ஐத் தாண்டினால் நொதி குறையும். மெத்தனாலைத் தின்னும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்புவதால் சுற்றிலும் குளிர்ந்த நீர் ஓடவேண்டும். புளிப்பு கூடாமல் பார்க்க அம்மோனியா விடுகிறார்கள். தழைச்சத்தும் அதிலேயே கிடைத்துவிடுகிறது! கரண்ட் போய்க் காற்று நின்றால் சில நிமிடத்தில் மூச்சு முட்டும்.

தவிட்டிலும் மக்காச்சோளத்திலும் உள்ள மணிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அதைத் திறக்க முடியாது, ஃபைடேஸ் திறக்கும். இந்த நொதியை 1907இல் ஜப்பானியர் கண்டுபிடித்ததே அரிசித் தவிட்டில்தான்.

"எப்படிக் கலக்கறீங்க?" என்றாள்.

"நொய்க்கூழ்ல, சூடா இருக்கும்போதே."

சிரித்துவிட்டாள். ஈஸ்ட்டை விட நொதி சூடு தாங்குமாம். ஆனாலும் கொதிக்கிற கூழில் சாதாப் பொடி நிற்காது. மேல்பூச்சு உள்ள ரகம் மட்டும் ஓரளவு தாங்கும். மூன்று மாதமாகக் காசைக் கூழில் கரைத்திருக்கிறேன்.

வாசகருக்கு இன்னொன்று. ஓட்டுக்கு முக்கியம் சுண்ணாம்புச்சத்து. ஃபைடேஸ் பெரும்பாலும் மணிச்சத்துக்கு. பண்ணை முட்டைக்கோழியின் 100 கிலோ தீவனத்தில் 3.5 முதல் 4 கிலோ சுண்ணாம்புச்சத்து வேண்டும். கிளிஞ்சல் கணக்கில் 9, 10 கிலோ. அதைச் சரிபாருங்கள். வெயில் காலத்திலும் வயதான கோழியிலும் ஓடு மெலியும். பொடியை முதலில் ஒரு கிலோ உலர்ந்த தவிட்டில் பிசிறி, பிறகு மொத்தத் தீவனத்தில் கலக்கவும். பொடி கலக்கிறோம் என்று டி.சி.பி.யை அடியோடு நிறுத்திவிட வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில் ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் நின்றபடியே தூங்கினார்கள். நான் வீட்டுக்குப் போன் போட்டு, கூழை ஆறவிடச் சொன்னேன்.