சிவப்புப் பிடி

மொரீஷியஸ் தீவின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்று ஒரு மலை. உயரம் 556 மீட்டர்தான். ஆனால் கடலோரத்தில் செங்குத்தாக எழுந்து நிற்பதால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். அதன் பாறையில் ஓரிடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை. கடலுக்குள்ளே போய், பவளப்பாறைத் திட்டைத் தாண்டி, சரியான இடத்தில் நின்றால்தான் அது கண்ணில் படும் என்பார்கள். ஓட்டை தெரிந்தால், அலையைப் பிடிக்க வாகான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அதனால் அந்த அலைக்கே 'ஒன் ஐ' என்று பெயர். ஒற்றைக் கண். பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு அலைமேல் ஓடுகிற கைட் சர்ஃபிங் கில்லாடிகள் பல தேசங்களிலிருந்து அதைத் தேடி வருகிறார்கள்.

நான் அந்த ஓட்டையைப் பார்த்ததில்லை. இனி பார்க்கப் போவதும் இல்லை.

2019 ஆகஸ்டில் வேறு ஒரு வேலையாக மொரீஷியஸ் போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கையில் நாலு நாள் மிச்சம். நாற்பதைத் தாண்டிய ஆசாமி கோயில், கடைத்தெரு என்று சுற்றிவிட்டு வந்திருக்கலாம். கற்றுத் தருகிறோம் என்ற போர்டைப் பார்த்துவிட்டு பணத்தைக் கட்டிவிட்டேன். (நம் ராமேஸ்வரம் பக்கமே இதைக் கற்றுத் தருகிறார்கள் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.)

லெ மோர்னில் ஒரே கரைக்கு இரண்டு கடல். பவளத் திட்டுக்கு உள்ளே இடுப்பளவுத் தண்ணீர். என்னைப் போன்றவர்கள் விழுந்து எழுந்திருக்க வசதி. திட்டுக்கு வெளியேதான் ஒன் ஐ. அங்கே கில்லாடிகளைத் தவிர யாருக்கும் வேலை இல்லை. அலை உடைகிற இடத்தில் தண்ணீருக்குக் கொஞ்சம் கீழேயே பவளப்பாறை, கத்தி மாதிரி. காற்றோ உங்களைக் கரைக்குத் தள்ளாது. வெளியேதான் தள்ளும். நீரோட்டமும் காற்றோடு கூட்டணி. அந்தப் பக்கம் அடுத்த கரை ரீயூனியன் தீவு. நூறு மைலுக்குக் குறையாது.

பட்டம் என்றதும் மொட்டை மாடியில் விடுகிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். என் கையில் கொடுத்தது 9 சதுர மீட்டர். ஏறக்குறைய நூறு சதுர அடி. சென்னையில் அதைப் படுக்கையறை என்று சொல்லி விற்பார்கள். முன் விளிம்பில் நீளமாக ஒரு குழாய், அதற்குப் பம்ப் வைத்துக் காற்றடிக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழும்பும். பிரான்ஸைச் சேர்ந்த லெகெய்னு சகோதரர்கள் 1984-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. விப்பிகா என்ற பெயரில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1997-ல். நடுவில் 13 வருஷம்! பி.காம். படித்தவனுக்கு அலையைவிட இந்தக் கணக்குதான் தலைசுற்ற வைக்கிறது. 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்ஸில் இது பதக்க விளையாட்டாகவே ஆகிவிட்டது. பந்தயம் நடந்தது மார்செய் கடலில்.

இருபது மீட்டருக்கு மேல் நீளமான நூல்கள் பட்டத்திலிருந்து வந்து கையிலிருக்கும் கம்பியிலும் இடுப்பு பெல்ட்டிலும் முடிகின்றன. கம்பியை உங்கள் பக்கம் இழுத்தால் இழுவை கூடும். தள்ளினால் குறையும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. முக்கியமான சமாசாரம், பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பிடி. அதைத் தள்ளினால் பட்டம் ஒரே ஒரு நூலில் தொங்கி, காற்றிறங்கிய கொடி மாதிரி துவண்டுவிடும். அதுவும் போதாவிட்டால் இடுப்பில் இன்னொரு சிவப்புப் பிடி. அதைத் தட்டினால் பட்டத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் முதல் நாள் மணலிலேயே மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார் பயிற்சியாளர். முப்பது வயதிருக்கும். பெயரின் பின்பாதி அசல் தமிழ்ப் பெயர். தமிழ் வராது. கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம். பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாராம். நான் தமிழ்நாடு என்றதும் பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழும் இருக்கிறது. "இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அதற்கு முன்பே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். உபகரணத்துக்குச் சேதம் வந்தால் என் பொறுப்பு. "தொலைஞ்சா எவ்வளவு?" என்று கேட்டதற்கு ஆயிரத்தைந்நூறு யூரோ என்றார்கள். அன்றைய கணக்கில் லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மற்ற பாடமெல்லாம் மறந்துபோனாலும் இது மனசில் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம். காற்று திடீரென்று ஓங்கி அடித்தது. பயத்தில் மனிதன் எதையாவது பிடித்துக்கொள்வான் இல்லையா? நானும் கம்பியைப் பிடித்து நெஞ்சோடு இழுத்துக்கொண்டேன். செய்யவே கூடாத காரியம். பட்டம் தலைகுப்புறப் பாய்ந்தது. நான் குப்புற விழுந்து தண்ணீரோடு போனேன். மூக்கு, வாய், காது எங்கும் உப்பு. முழங்கால் எதிலோ உரசிக்கொண்டே வந்தது. பின்னால் அவர் கத்துவது கேட்கிறது. சிவப்புப் பிடி எங்கே இருக்கிறது என்பதும் தெரிகிறது. கை மட்டும் அங்கே போகவில்லை. ஐம்பது மீட்டராவது இழுபட்டிருப்பேன். பட்டம் தானாகவே எதிலோ மோதி அடங்கியதால் நின்றேன்.

ஓடி வந்து தூக்கினார். நான் இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "ஏன் விடலை?" என்றார்.

"பட்டம் போயிடுமேன்னு…"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முதல் பிடியைத் தள்ளினால் பட்டம் போகாது என்று நாலாவது தடவையாகச் சொன்னார். சொன்ன விதத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. அவருடைய பயம்.

நாலாம் நாள் முழங்கால் மடங்கவில்லை. மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அவருக்கு விடுமுறை நாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தூரத்தில் ஒன் ஐயில் பத்துப் பன்னிரண்டு பட்டங்கள். நீங்கள் போகவில்லையா என்றேன். "காத்து இன்னைக்குக் கிழக்கே திரும்பியிருக்கு. மலையைச் சுத்திக்கிட்டு வரும், விட்டு விட்டு அடிக்கும்" என்றார். எனக்கு எல்லாக் காற்றும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அந்த மலை, தப்பி ஓடி வந்த அடிமைகளுக்கு ஒளிவிடமாக இருந்தது. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்தச் சரித்திரத்துக்காகத்தான். 1835-ல் விடுதலைச் செய்தி சொல்ல மேலே ஏறி வந்தவர்களை, பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துக் குதித்துவிட்டார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பேச்சு நடுவே நின்றது. மஞ்சள் பட்டம் ஒன்று அலைக்குள் விழுந்திருந்தது. அடுத்த அலை அதை மடக்கிச் சுருட்டியது. அவர் எழுந்து நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் மட்டும் தனியாக வெளியே மிதந்து போவது தெரிந்தது. "விட்டுட்டார்" என்று சொல்லி உட்கார்ந்தார். படகு ஒன்று கிளம்பிப் போனது.

படகில் வந்து இறங்கியவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிரெஞ்சுக்காரர். பட்டம் இல்லை, பலகை இல்லை, முழங்கையில் ரத்தம். இவர் போய்ப் பேசினார். இரண்டு பேரும் தோளைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"என்ன சொல்றார்?"

"கொஞ்சம் லேட்டா விட்டுட்டேன்னு வருத்தப்படறார்."

"பட்டம்?"

"போன மாசம் வாங்கினதாம். ரீயூனியன்ல யாருக்காவது கிடைக்கும்."

அன்று சாயங்காலம் என்னை முழங்கால் தண்ணீரில் நிறுத்தினார். பட்டம் கிடையாது. பெல்ட்டும் கம்பியும் மட்டும். காவடி பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று "இப்ப!" என்பார். நான் தள்ள வேண்டும். முதல் சில தடவை குனிந்து தேடினேன். அவர் மறுபடி மாட்டிவிட்டு வேறு கதை பேசுவார். சம்பளம் எத்தனை என்றுகூடக் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது "இப்ப!" பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு கை தானாகப் போனது. அதற்குக் காசு வாங்கவில்லை.

கணக்கு முடிக்கும்போதுதான் பட்டத்தில் ஒரு சாண் கிழிசல் இருப்பதைக் காட்டினார்கள். தையல் கூலி நாற்பது யூரோ. நான் எண்ணிக் கொடுப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் சிவப்பைத் தள்ளியிருந்தா இது கிழிஞ்சிருக்காது" என்றார்.