கறுப்பனுக்குக் கற்பித்த பாடம்

நாய் நன்றியுள்ள பிராணி என்று கீழ்வகுப்பிலே கட்டுரை எழுதாதார் நம்முள் எவருமிலர். அது வீட்டைக் காக்கும், கள்வரைக் கண்டாற் குரைக்கும் என்றெல்லாம் எழுதிப் புள்ளிகளும் பெற்றோம். ஆயின், அந்த நாயும் அஞ்சும் என்பது எந்தக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை. தருமபுத்திரரைப் பின்தொடர்ந்த நாயைப் போற்றும் உலகம், வெடியோசைக்குக் கட்டிலின்கீழ் ஒடுங்கும் நாயைக் கோழையென்று நகைக்கின்றது. அந்நகைப்பு பொருந்தாது என்பதை, என் வீட்டு நாயைக்கொண்டே நிறுவ விரும்புகின்றேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், போரதீவுப்பற்றைச் சேர்ந்தது எங்கள் வெல்லாவெளி. நெல்வயலே ஊருக்குச் சோறு. கதிர் முற்றுங் காலத்தில் அச்சோற்றுக்குக் காட்டானைகளும் பங்குக்கு வரும். அவற்றை விரட்ட வனஜீவராசிகள் திணைக்களம் யானை வெடிகளை வழங்குகின்றது. வாடியிற் காவலிருப்போர் அவற்றைக் கொளுத்தி எறிவர். இரவின் அமைதியில் அவ்வோசை நெடுந்தூரம் அதிரும்.

வாடிக்குத் துணையாகட்டுமென்று நான் வளர்த்த கறுப்பன், முதல் வெடியிலேயே வாலை ஒடுக்கி, நாத்தொங்க, உடல் பதைக்க நின்றான். அடுத்த நாட்களில் தீப்பெட்டி உரசும் ஒலிக்கே ஓடலானான். மாசி மாதத்து இரவொன்றில் ஓடியவன், இரண்டு நாட் கழித்துக் கால் கிழிந்து மீண்டான். அயல் வீட்டு மைத்துனர், “மச்சான், வெடிக்கு ஒளிக்கிற நாய் வாடிக்கு எதற்கு? பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வா” என்றார். அவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. காவலுக்கு உதவாத நாய்க்கு வயற்காரன் வீட்டில் வேலை இல்லை. ஆனால், அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: “வெடிக்குப் பயந்தவரையெல்லாம் பாலத்துக்கு அப்பால் விடுவதானால், இந்த ஊரில் யார் மிஞ்சுவார்?”

அதற்கு இருவரும் விடை கூறவில்லை. 2007 ஆம் ஆண்டுவரை எறிகணையோசை கேட்டு வாழ்ந்த கரை இது. இன்றும் யானை வெடி அதிரும்போது கதவுநிலையைப் பற்றிக்கொள்ளும் கைகள் பல வீடுகளில் உண்டு.

பின்னர் நான் நூல்களை நாடினேன். மனிதர் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுவரை கேட்க, நாயின் செவி 45,000 அதிர்வுவரை கேட்கும் என அறிந்தேன். 1924 இல் லெனின்கிராட் நகரில் பெருகிய வெள்ளம் பாவ்லோவ் என்னும் பேரறிஞரின் நாய்களைக் கூண்டுகளிற் சூழ்ந்தது. அவை காப்பாற்றப்பட்ட பின்னரும், சில நாய்கள் கற்றவற்றை இழந்தன. கதவின்கீழ்ச் சிறிது நீர் கசிந்தபோதே பழைய அச்சம் மீண்டது. அதே ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாடோறும் சிறிது சிறிதாக அண்மையிற் கொணர, அச்சம் அகன்றது.

அதுவே எங்கள் பாடத்திட்டமாயிற்று. முதலிற் கால்நடை வைத்தியரிடம் காட்டினோம். உடல்நோவு உள்ள நாய்க்கு ஓசையச்சமும் மிகும். நெல்மூட்டைகள் அடுக்கிய அறையின் மூலையிற் சாக்கு விரித்து, அதனை அவனுக்கே உரிய இடமாக்கினோம். மூட்டைகள் வெளியோசையைத் தணித்தன. என் பேரன் கைபேசியிற் பதிந்த வெடியோசையை, செவி மட்டும் அசையுமளவு மெதுவாக ஒலிக்கச் செய்தான். ஓசை எழுந்தவுடன் அவித்த மீன்துண்டு ஒன்று கறுப்பனுக்குக் கிடைக்கும். ஓசை முன், மீன் பின் என்னும் ஒழுங்கு மாறக்கூடாது. அவன் உண்ண மறுத்தால் ஓசை மிகுந்துவிட்டதென்று பொருள். மறுநாள் ஒருபடி இறங்கினோம். பல வாரங்களின் பின்னர், வயலின் மறுகோடியில் தகரம் தட்டினோம். மெல்ல மெல்ல அண்மித்தோம். கைபேசியில் இல்லாத அதிர்வு தகரத்தில் இருந்தது.

உண்மையான வெடி எறியப்படும் இரவுகளிற் பாடம் இல்லை. கதவடைத்து உடனிருத்தலே முறை. தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்பர் சிலர். அது சரியன்று. அச்சம் செல்லத்தால் வளர்வதில்லை; அதட்டலாலும் தனிமையாலுமே வளரும்.

மறு மாசியில் யானைகள் வந்தன, வெடியும் அதிர்ந்தது. கறுப்பன் வீரனாகவில்லை. எழுந்தான், தானாகவே தன் மூலைக்கு நடந்தான், ஓடவில்லை. சிறிது நேரத்தில் வெளிவந்து, மீன் எங்கேயென்று என் முகத்தைப் பார்த்தான். வாடிக்கு அவனை இன்றும் நான் அழைத்துச் செல்வதில்லை. பகலில் முற்றத்தைக் காக்கின்றான், அது போதும். மைத்துனரும் இப்போது வரும்போதெல்லாம் மீன்தலை கொண்டுவருகின்றார்.

இம்மலரைப் படிக்கும் இளைய ஆசிரியர்களுக்கு ஒரு சொல். கரும்பலகையின் முன் நாவெழாது நிற்கும் மாணவன் ஒருவன் ஒவ்வொரு வகுப்பிலும் உளன். அவனை அதட்டி எழுப்புதல் எளிது. அவன் தாங்கக்கூடிய சிறு வினாவிலே தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற்றுதல் அரிது. அவ்வரிய பணியைச் செய்வோர் எம் கல்லூரியில் என்றும் குறையாதிருப்பாராக! கல்லூரித்தாய் நீடு வாழ்க!