கோட்டம் எடுத்தவன்

கலைப் பட்டம் பெற்றவர் நாம், தமிழ் கற்பிப்பவர். உவமை என்றால் நமக்கு உள்ளம் துள்ளும்! மூன்றாண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில், ஒற்றுமையை விளக்க ஓர் உவமையை உதிர்த்தோம். “மிதிவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள்! அச்சுக்குக் கீழே தூண்களாய் நின்று பாரத்தைத் தாங்குகின்றன ஆரங்கள். நீங்களே நாட்டின் ஆரங்கள்!”

கடைசி வரிசையில் ஒருவன் சிரித்தான். “அய்யா, கம்பி தாங்காது, இழுக்கும்” என்றான். சைக்கிள் கடைக்காரர் மகன். திமிர் என்று தீர்ப்பெழுதி வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். அவ்வாண்டே அவன் படிப்பை நிறுத்திவிட்டான். காரணம் நாமல்ல, வறுமைதான் என்று நமக்கு நாமே பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு.

சென்ற மாதம் நம் வண்டி பள்ளத்தில் இறங்கிப் பின்சக்கரம் நெளிந்தது. ஊரில் கடை ஒன்றே. தந்தை இருந்த இடத்தில் மகன் இருந்தான். எழுந்து வணங்கினான். “ரிம் போய்விட்டது அய்யா. புதிதாகத்தான் கட்டவேண்டும்” என்றான். பலகையில் அமர்ந்தோம்.

கடை வாயிலில் வரிசையாக நின்றவை, பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகள். ஒன்பதோடு நின்றவனுக்கு அது கிட்டவில்லை. பழுதானால் மட்டும் அவனைத் தேடி வருகிறது!

பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். ‘போக்ஸ் கம்பி’ என்பது கடைவழக்கு. ஹப்பின் பக்கத்துக்கு 20 துளைகள். ஒரு கம்பியை உள்ளிருந்து வெளியே கோத்தான். அடுத்ததை வெளியிலிருந்து உள்ளே. பாதிக் கம்பிகள் முன்னே சாய்ந்தன, மறுபாதி பின்னே சாய்ந்தன. ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னின. மிதிக்கும் விசை விளிம்புக்குச் செல்ல அந்தச் சாய்வு தேவை. இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் எனப் பின்னர் படித்தறிந்தோம். அவரும் கல்லூரி கண்டவரல்லர்; தோட்ட வேலை பார்த்தவர், தையல் எந்திரம் செய்தவர்.

“மாட்டுவண்டியின் ஆரக்கால் கனத்த மரம். அது தூண்தான் அய்யா, நீங்கள் சொன்னதுபோல” என்றான் அவன், தலை நிமிராமலே. “இது மெல்லிய கம்பி. தள்ளினால் வளையும். அதனால் எல்லாவற்றையும் முன்பே இழுத்துக் கட்டுகிறோம். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் அடிக்கம்பிகளின் இழுப்புச் சற்றுக் குறையும். அவ்வளவுதான்.”

நீங்கள் சொன்னதுபோல! அவன் மறக்கவில்லை.

இனிக் கோட்டம் எடுக்கவேண்டும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினான். சாக்பீசைத் தேடினான், கிடைக்கவில்லை. நம் சட்டைப்பையில் ஒரு துண்டு இருந்தது. விளிம்பருகே அதை அவன் அசையாது பிடிக்க, சக்கரம் விலகிய இடத்தில் வெள்ளைக்கோடு விழுந்தது. கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்கினான். ஒவ்வொன்றும் கால் சுற்றுத்தான். மீண்டும் சுழற்றல், மீண்டும் கோடு. இடையிடையே கம்பிகளை மீட்டிக் காதால் ஒப்பிட்டான். ஓசை வேறுபட்டால் இழுப்பும் வேறுபடுகிறதாம்.

“அன்று நீ சொன்னது சரி. உன்னை வெளியே நிறுத்தியது தவறு” என்றோம். நாத்தழும்பேறப் பேசும் நமக்கு அந்த இரண்டு வாக்கியங்களுக்கே நாக்கு வறண்டது.

மறுமொழி இல்லை. சாவியை நம் கையில் தந்து, “இதை இறுக்குங்கள் அய்யா” என்று ஒரு கம்பியைக் காட்டினான். திருப்பினோம். சுழற்றிப் பார்த்தால் கோட்டம் கூடியிருந்தது! விளிம்புக்கு வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கும் திசை, அச்சின் பக்கமிருந்து பார்த்தால் நேர்மாறாகத் தெரியும்; நாம் தளர்த்தியிருந்தோம்.

அவன் சிரித்தான், அன்று சிரித்ததுபோலவே. நாம் மறுபுறம் திருப்பினோம்.