குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறவர்

பேஸ்பாலில் வருஷா வருஷம் இரண்டு லீகிலும் எம்விபி என்று ஒரு விருது கொடுப்பார்கள். மிக மதிப்புமிக்க வீரர். ஓட்டுப் போடுகிறவர்கள் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த நிருபர்கள், லீகுக்கு 30 பேர். ஓட்டுச்சீட்டோடு அவர்களுக்கு ஒரு குறிப்பும் போகும். 1931இல் எழுதிய விதிகள்தான் இன்றும். 'மதிப்புமிக்க' என்றால் என்ன என்பதற்குத் தெளிவான வரையறை கிடையாது, நீங்களே முடிவு செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இப்படி ஒரு ஸ்பெக் வந்தால் எங்கள் டீமில் ஒருத்தரும் கோட் எழுத உட்கார மாட்டோம். ஆனால் அந்த ஓட்டையை வைத்துக்கொண்டுதான் ரசிகர்கள் தொண்ணூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். 1947இல் டெட் வில்லியம்ஸ் பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம். விருது என்னவோ ஜோ டிமாஜியோவுக்குப் போனது, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அதைப் பற்றி இன்றைக்கும் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் இருப்பது சியாட்டிலில். 2025 சீசனில் அந்தச் சண்டை எங்கள் ஊருக்கே வந்தது.

ஒரு பக்கம் நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ். சராசரி .331, ஹோம் ரன் 53. அமெரிக்கன் லீகில் அந்த வருஷம் அவரைவிட நன்றாக பேட் பிடித்தவர் யாருமில்லை. இன்னொரு பக்கம் எங்கள் மாரினர்ஸின் கேல் ராலி. ஹோம் ரன் 60. ஆனால் அவர் கேட்சர். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்குக் கொஞ்சம் நெருக்கமான வேலை, அதைவிடக் கொடுமையானது. ஒவ்வொரு பந்துக்கும் குத்தவைத்து உட்கார வேண்டும், ஒரு ஆட்டத்துக்கு நூறு தடவைக்கு மேல். அடுத்து என்ன பந்து போடலாம் என்று பிட்சருக்கு சிக்னல் கொடுக்க வேண்டும். தரையில் குத்தி வருகிற பந்தை நெஞ்சைக் கொடுத்து நிறுத்த வேண்டும். முட்டி தேய்ந்துபோகிற வேலை. அதனால் கேட்சர் சுமாராக பேட் செய்தாலே போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதற்கு முன் ஒரு சீசனில் கேட்சர் ஒருவர் அடித்த அதிகபட்சம் 48.

மதிய சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூன்று பேர். யாங்கீஸ் கட்சிக்கு நியூஜெர்சியில் வளர்ந்த ஒரு குஜராத்திப் பெண். மாரினர்ஸ் கட்சிக்கு நானும், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடும் திருநெல்வேலிக்காரர் ஒருவரும். எனக்கு பேஸ்பால் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முதன்முதலில் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனபோது, "பந்தப் பாக்காதடே, கேட்சர் கையப் பாரு" என்றார். பார்த்தேன். ஸ்ட்ரைக் எல்லையை ஒட்டி வருகிற பந்தை, கிளவ் துளிகூட ஆடாமல், அல்லது அம்பயர் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்பக்கமாக இழுத்துப் பிடிப்பார்கள். பால் என்று போக வேண்டியது ஸ்ட்ரைக் ஆகிவிடும். இதற்குப் பேர் ஃப்ரேமிங்.

சண்டையின் மையமும் அதுதான். வார் என்று ஒரு எண் இருக்கிறது. சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துவதைவிட இந்த வீரரால் எத்தனை வெற்றி கூடுதல் என்ற மதிப்பீடு. இதைக் கணக்கிடும் பிரபலமான தளங்கள் இரண்டு. ஃபேன்கிராஃப்ஸ் ஃப்ரேமிங்கைச் சேர்த்துக்கொள்ளும், பேஸ்பால் ரெஃபரன்ஸ் சேர்க்காது. முதலாவதில் ஜட்ஜுக்கும் ராலிக்கும் இடையே சுமார் ஒரு வெற்றிதான் வித்தியாசம். இரண்டாவதில் இரண்டுக்கும் மேல். அதே ஆட்டங்கள், அதே ஆட்கள். எதை எண்ணுவது என்று யாரோ ஒருவர் எடுத்த முடிவுதான் அந்த இடைவெளி.

மே மாசம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அண்ணாச்சிக்கு மெயில் வந்தது. பதினோரு வருஷ வேலை. ஏழேகாலுக்கு லேப்டாப் பூட்டிக்கொண்டது.

அவர் எங்கள் டீமின் கேட்சர். சின்னப் பசங்கள் எழுதுகிற கோடை வரி வரியாகப் படித்து, ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழப்போகிற இடத்தைப் பகலிலேயே காட்டிக்கொடுப்பார். விழாத சர்வருக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத வேலை டாஷ்போர்டில் வராது. யார் பட்டியல் போட்டது, எதை எண்ணினார்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "எனக்கே காலையிலதான் தெரியும்" என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை.

மிச்ச சீசனை அண்ணாச்சி வீட்டு சோபாவில்தான் பார்த்தோம். நடுவே அவர் இன்டர்வியூக்களுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார், இருபத்திரண்டு வயதுப் பையன்களோடு போட்டிபோட்டு. செப்டம்பர் 24 ராத்திரி ராலி 59, 60 இரண்டையும் அடித்தார். 2001க்குப் பிறகு முதல் தடவையாக மாரினர்ஸ் தங்கள் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்ததும் அன்றைக்கே. அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அக்டோபரில், உலகத் தொடருக்கு ஒரு வெற்றி பாக்கி இருக்கையில், ஏழாவது ஆட்டத்தில் டொரண்டோவிடம் தோற்றோம். நவம்பரில் விருது அறிவித்தார்கள். முதலிட ஓட்டு ஜட்ஜுக்கு 17, ராலிக்கு 13.

நான் போனில் கத்தினேன். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு இந்த உலகத்தில் மரியாதையே கிடையாதா, அப்படி இப்படி என்று. அவருக்காகத்தான் கத்துகிறேன் என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

"ஜட்ஜ்தாம்டே நல்லா ஆடியிருக்கான்," என்றார் அண்ணாச்சி. "ஃப்ரேமிங்கச் சேத்தாலும் அவந்தான் மேல. நானா இருந்தாலும் அவனுக்குத்தான் போட்டிருப்பேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார்: "லிஸ்ட் வந்திருக்கு பாத்தியா? முப்பது பேரு பேரும் இருக்கு. எவன் யாருக்குப் போட்டாம்னு தெரியுது. சில பேரு ஏன் போட்டேன்னு கட்டுரையே எழுதியிருக்கான். நம்ம ஆபீஸ்ல பேரு போட்டு ஒருத்தன் எழுதியிருந்தா நானும் வாசிச்சிட்டு சரின்னு போயிருப்பேன்."

அவர் கேட்டது விருது இல்லை. தோற்பதில்கூட அவருக்குப் பெரிய பிரச்சினை இருந்த மாதிரி தெரியவில்லை. ஆறு மாசம் ஒரு ஊரே, ஏன் இரண்டு ஊர், ஒரு கேட்சரின் முட்டியையும் மணிக்கட்டையும் பற்றிப் பேசியது. ஃப்ரேமிங்கை எண்ணலாமா கூடாதா என்று பாரில், பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டது. அந்தச் சண்டை நடந்ததால்தான் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறவரை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்த பிறகு 13 பேர் அவருக்கும் 17 பேர் இன்னொருவருக்கும் ஓட்டுப் போட்டார்கள். எனக்கு இன்னும் ராலிதான். ஆனால் அந்த 17 பேர் மேல் இப்போது கோபம் இல்லை.

2026இலிருந்து இந்தக் கணக்கும் மாறுகிறது. அம்பயர் சொன்னது தப்பு என்று பட்டால் பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டி முறையிடலாம், கேமரா முடிவு சொல்லும். இழுத்துப் பிடிக்கிற கைக்கு இனி என்ன மதிப்பு என்று மறுபடி முதலிலிருந்து பேசியாக வேண்டும். பேசுவார்கள்.

எங்கள் ஆபீஸிலும் ரிவ்யூ வரப்போகிறது. படிவத்தில் 'தாக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கும் வரையறை கிடையாது. அதைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.